இரண்டு நாளில் முடியும் என்று சொன்ன 25 கோடிப் பதிவுகள்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகிறவர்கள், தோவாளையைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே சாலையின் இரு பக்கமும் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அவற்றைக் காத்தாடி என்றுதான் சொல்வது. ஆரல்வாய்மொழியில் மலை விட்டுக்கொடுக்கும் இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருவதால், வைகாசி பிறந்துவிட்டால் அந்தக் காத்தாடிகளுக்கும் அவற்றைப் பராமரிக்கிறவர்களுக்கும் ஓய்வு கிடையாது. அவர்களுடைய மென்பொருள் வேலையைச் செய்து கொடுக்கிற எங்களைப் போன்றவர்கள் எதை மாற்றுவதாக இருந்தாலும், காற்று குறைந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்களுக்குள் மாற்றி முடித்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

இந்த ஆண்டு அப்படி மாற்ற வேண்டியிருந்தது ஒரு தரவுத்தளம். ஒரு காத்தாடி நிமிடத்துக்கு ஒரு பதிவு அனுப்புகிறது: காற்றின் வேகம், இறக்கையின் சுழற்சி, கியர் பாக்ஸ் எண்ணெயின் வெப்பம், அந்த நிமிடத்தில் உற்பத்தியான மின்சாரம் என்று ஏறத்தாழ முப்பது எண்கள். நாளொன்றுக்கு 1,440 பதிவுகள், ஆண்டுக்கு 5,25,600. எங்கள் வாடிக்கையாளரின் பொறுப்பில் இருப்பவை 80 காத்தாடிகள். சேர்ந்திருப்பது ஆறு ஆண்டுத் தரவு. லீப் ஆண்டை விட்டுவிட்டுப் பெருக்கினாலும் 25 கோடியே 22 லட்சம் பதிவுகள் வரும். வட்டில் அவை பிடித்திருந்த இடம், பதிவுகளை விரைவாகத் தேட உதவும் பட்டியல்களான இண்டெக்ஸ்களைச் சேர்க்காமல், சுமார் 50 ஜிபி. உலகக் கணக்கில் இது பெரிய தரவே அல்ல என்பதை நான் அறிவேன். ஆனால் ஆரல்வாய்மொழி அலுவலகத்தில் மேசைக்கு அடியில் ஏழு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த, 8 ஜிபி நினைவகமும் சுழலும் வட்டும் கொண்ட ஒரு சர்வருக்கு இது மிகவும் பெரிய தரவு. அந்த சர்வரின் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலிருந்து மும்பையில் வாடகைக்கு எடுத்த சர்வரின் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுசேர்ப்பதுதான் வேலை.

எத்தனை நாள் ஆகும் என்று வாடிக்கையாளர் தரப்பு மேற்பார்வையாளர் கேட்டார். வயதில் மூத்தவர், எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைப்பார்கள். நான் என் மடிக்கணினியில் இரண்டு தரவுத்தளங்களையும் நிறுவி, ஒரு லட்சம் பதிவுகளை ஒரு சிறிய பைத்தான் ஸ்கிரிப்ட்டால் மாற்றிப் பார்த்தேன். நொடிக்கு ஏறத்தாழ 1,500 பதிவுகள் போயின. 25 கோடியை 1,500ஆல் வகுத்தால் இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவாக வரும். இரண்டு நாள் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பதிவு முழுவதும் அந்த வகுத்தல் எவ்வளவு தவறானது என்பதைப் பற்றியதுதான்.

உண்மையான சர்வர்களுக்கு இடையே ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டபோது நொடிக்கு 25 பதிவுகள் கூடத் தாண்டவில்லை. இரண்டு பக்கத்துச் சர்வர்களும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், மும்பை சர்வரின் சிபியு 3 சதவீதத்தில் சும்மா இருந்தது. ஆரல்வாய்மொழி சர்வரும் அப்படித்தான். யாருக்கும் வேலை இல்லை, ஆனால் வேலை நடக்கவில்லை. இந்த இடத்தில் நான் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வாடகை சர்வரை இரண்டு கோரிலிருந்து எட்டு கோருக்கு மாற்றினேன். வாடகை கூடியது, வேகம் கூடவில்லை. சும்மா இருக்கிறவருக்குத் துணையாக இன்னும் ஆறு பேரைக் கொண்டுவந்து சும்மா உட்காரவைத்ததுதான் மிச்சம்.

பிங் செய்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஆரல்வாய்மொழியிலிருந்து மும்பைக்கு ஒரு செய்தி போய்த் திரும்ப எங்கள் இணைப்பில் 38 மில்லிநொடி ஆயிற்று. என் ஸ்கிரிப்ட் ஒரு பதிவுக்கு ஓர் இன்சர்ட் (பதிவைச் சேர்க்கும் கட்டளை) அனுப்பி, 'சேர்ந்தது' என்ற பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பியது. வீடு மாறுகிறவர், வடசேரியிலிருந்து மார்த்தாண்டத்துக்கு ஒவ்வொரு கரண்டியாக எடுத்துப் போய், அங்கே ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த கரண்டிக்காகத் திரும்பி வருவது போன்ற ஏற்பாடு. 25 கோடியே 22 லட்சத்தை 38 மில்லிநொடியால் பெருக்கினால் 111 நாள் வரும். இதில் தரவுத்தளம் எழுதுவதற்கு எடுக்கும் நேரம் ஒரு நொடிகூடச் சேரவில்லை, முழுவதும் வழிப்பயணம். மடிக்கணினியில் இரண்டும் ஒரே இயந்திரத்துக்குள் இருந்ததால் அந்தப் பயணம் என் சோதனையில் கண்ணுக்கே படவில்லை.

ஆயிரம் பதிவுகளை ஒரே இன்சர்ட்டாகக் கட்டி அனுப்பினால் அதே பயணம் 2 மணி 40 நிமிடமாகச் சுருங்குகிறது. இதோடு இன்னொரு தாமதமும் தானாகவே தீர்ந்தது. ஒவ்வொரு இன்சர்ட்டும் தனி டிரான்சாக்ஷனாக (ஒன்று முழுதாக நடக்கும், இல்லையேல் நடக்கவே நடக்காத தொகுப்பாக) இருந்தால், ஒவ்வொன்றின் முடிவிலும் போஸ்ட்கிரஸ், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் தன் ரைட்-அஹெட் லாகை வட்டில் உண்மையாகவே எழுதி முடித்துவிட்டோமா என்று உறுதி செய்துகொண்டுதான் பதில் சொல்லும். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் பழைய வகை வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கிறது. அதாவது நொடிக்கு 120 சுற்று. இடையில் தாங்கல் நினைவகம் இல்லாவிட்டால் நொடிக்கு அந்த அளவு கமிட்டுகளுக்கு (டிரான்சாக்ஷனை முடித்து உறுதிசெய்வதுதான் கமிட்) மேல் எதிர்பார்க்க வழியில்லை. எஸ்எஸ்டியில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு, ஆனால் இல்லாமல் போய்விடுவதில்லை. பத்தாயிரம் பதிவுகளுக்கு ஒரு கமிட் என்று வைத்துக்கொண்டதும் இதைப் பற்றி நான் மறந்தே போனேன்.

முதல் ஒரு கோடிப் பதிவுகள் 40 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தன. அந்த வேகத்தில் 17 மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அண்ணாச்சிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஐந்து கோடியைத் தாண்டத் தடுமாறிக்கொண்டிருந்தது. இந்த முறை மும்பை சர்வர் சும்மா இருந்தது. மேசைக்கு அடியில் இருந்த பழைய சர்வரின் வட்டு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதாவது எழுதும் பக்கம் காத்திருந்தது, படிக்கும் பக்கம் திணறியது.

படிக்கும் பக்கத்தில் நான் எழுதியிருந்தது எல்லாரும் முதலில் எழுதுகிற முறைதான்: பதிவின் வரிசை எண்ணான ஐடி வரிசையில், பத்தாயிரம் லிமிட் (எத்தனை வேண்டும்), இத்தனை ஆஃப்செட் (எத்தனையைத் தாண்டி). இணையதளத்தில் பக்கம் பக்கமாகக் காட்டுவதற்குப் பயன்படும் அந்த முறை பெருந்தரவை அள்ளுவதற்கு ஆகாது. ஐந்து கோடி ஆஃப்செட் என்றால் தரவுத்தளம் நேராக ஐந்து கோடியாவது பதிவுக்குத் தாவுவதில்லை. முதல் பதிவிலிருந்து ஐந்து கோடிப் பதிவுகளை எண்ணிப் படித்து, எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, அதற்கடுத்த பத்தாயிரத்தை மட்டும் தருகிறது. அடுத்த பத்தாயிரம் கேட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஐந்து கோடிப் பதிவுகள் என்பது ஏறத்தாழ 10 ஜிபி. நினைவகத்தில் கொள்ளாத அளவு. நொடிக்கு 100 எம்பி படிக்கும் வட்டில் ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல். மொத்தம் 25 ஆயிரத்துச் சொச்சம் தவணைகள், சராசரி ஆஃப்செட் 12 கோடியே 60 லட்சம் என்று வைத்துப் பெருக்கினால், 25 கோடிப் பதிவுகளை எடுப்பதற்காக மூன்று லட்சம் கோடிப் பதிவுகளுக்கு மேல் படிக்க வேண்டியிருக்கும். தொடக்கத்தில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் ஆகிற ஓட்டத்தைப் பார்த்தால் நான் இப்போது முதலில் தேடுவது இந்த ஆஃப்செட்டைத்தான்.

மாற்று மிகவும் எளியது. கடைசியாக எடுத்த ஐடி எதுவோ அதை நினைவில் வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய ஐடி உள்ள பத்தாயிரம் பதிவுகளைக் கேட்க வேண்டும். முதன்மை இண்டெக்ஸ் நேராக அந்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும். முதல் தவணைக்கும் இருபத்தையாயிரமாவது தவணைக்கும் ஒரே நேரம்தான் ஆகும். ஒரே கேள்வியில் முழு அட்டவணையையும் கேட்டு ஓடையாக வாங்கிக்கொள்வதும் நல்ல வழிதான். ஆனால் பெரும்பாலான கிளையன்ட் நூலகங்கள் பதில் முழுவதையும் தம் நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொண்ட பிறகுதான் முதல் பதிவையே நம் கையில் தரும் என்பதை மறந்துவிடக் கூடாது. நான் மறந்தேன். மடிக்கணினி உறைந்துபோய், பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் ஒரு மாலையில் இடி. எங்கள் மாவட்டத்தில் கோடையில் மதியம் வரை வெயில் அடித்துவிட்டு, நாலு மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து இடி இடிப்பது வழக்கமான காட்சி. மின்சாரம் போயிற்று; யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கியது; பிறகு எல்லாம் நின்றது. எதுவரை போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. அதன் பிறகு, ஒவ்வொரு பத்தாயிரத்தையும் எழுதும் அதே டிரான்சாக்ஷனுக்குள், சேருமிடத் தரவுத்தளத்திலேயே ஒரு சிறிய அட்டவணையில் கடைசி ஐடியையும் எழுதிவிடும்படி மாற்றினேன். அதே டிரான்சாக்ஷனுக்குள் என்பதுதான் முக்கியம். தனிக் கோப்பில் குறித்துவைத்தால், பதிவுகள் சேர்ந்து குறிப்பு எழுதப்படாமலோ, குறிப்பு எழுதப்பட்டுப் பதிவுகள் சேராமலோ போகும் ஒரு கணம் எப்போதும் இருக்கும். மின்சாரம் சரியாக அந்தக் கணத்தில்தான் போகும்.

"மக்கா, ரெண்டு நாளுன்னுதானே சொன்ன? இண்ணைக்கு ஆறாம் நாளாக்கும்" என்றார் அண்ணாச்சி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த ஓட்டம் எட்டுக் கோடி வரை ஒரே சீராகப் போனது. பிறகு சரிந்தது. சரிவு இரண்டு கட்டமாக நடந்தது: முதலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பாதியாயிற்று, அதற்கு முக்கால் மணி நேரம் கழித்து, படியிலிருந்து விழுந்ததுபோல ஒரேயடியாக ஐந்தில் ஒரு பங்காயிற்று. இப்போது திணறியது மும்பைப் பக்கம். ஆனால் சிபியு அல்ல. வட்டின் சுமையைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பார்த்ததில் வட்டின் முன்னால் வரிசை நீண்டு நின்றது.

முதல் கட்டச் சரிவுக்குக் காரணம் ஓர் இண்டெக்ஸ். ஒவ்வொரு பதிவுக்கும் காத்தாடியின் கருவி ஒரு யுயுஐடி ஒட்டி அனுப்பும். 16 பைட் நீளமுள்ள, எந்த ஒழுங்கும் இல்லாத எண். அதன்மேல், ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் ஒரு யுனிக் இண்டெக்ஸ் போட்டுவிட்டுத்தான் நான் ஏற்றவே தொடங்கியிருந்தேன். நேரத்தின் மீதான இண்டெக்ஸில் புதிய பதிவுகள் எப்போதும் ஒரு சில பக்கங்களில்தான் (தரவுத்தளம் வட்டில் படித்து எழுதும் துண்டுதான் பக்கம்) போய் விழும். அந்தப் பக்கங்கள் நினைவகத்திலேயே இருக்கும். யுயுஐடியோ, வருகிற ஒவ்வொன்றும் இண்டெக்ஸின் வெவ்வேறு மூலையில் விழும். போஸ்ட்கிரஸில் இப்படி ஓர் இண்டெக்ஸ் பதிவுக்கு ஏறத்தாழ 28 பைட் தேவை. 25 கோடிக்குக் கணக்கிட்டால் நெருக்கி அடுக்கினாலே 8 ஜிபி, தாறுமாறாகச் செருகினால் 10 ஜிபி வரை போகும். நினைவகத்தில் அதற்குக் கிடைத்த இடத்துக்குள் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. அந்த அளவைத் தாண்டியதும், ஒவ்வொரு செருகலுக்கும் ஒரு பக்கத்தை வட்டிலிருந்து எடுத்துவந்து, இன்னொரு பக்கத்தைத் திருப்பி எழுத வேண்டிய நிலை வந்தது.

இதில் கூடுதலாக ஒரு செலவு உண்டு. நினைவகத்தில் மாறியவற்றை அவ்வப்போது வட்டில் எழுதி முடிப்பதற்குச் செக்பாயின்ட் என்று பெயர். போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் பிறகும் ஒரு பக்கம் முதல் முறையாக மாறும்போது, அந்த 8 கேபி பக்கம் முழுவதையும் லாகில் எழுதிவைக்கிறது. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பக்கம் சிதையாமல் இருப்பதற்கான பாதுகாப்பு அது. ஒரே பக்கம் பல முறை மாறினால் அந்தச் செலவு பங்கிடப்பட்டுவிடும். யுயுஐடி இண்டெக்ஸிலோ ஒரு செருகலுக்கு ஒரு பக்கம். அதாவது 28 பைட்டைச் சேர்ப்பதற்காக லாகில் மட்டும் 8 கேபி. லாகின் அளவு 1 ஜிபியை நெருங்கினாலே செக்பாயின்ட் வரும் என்பது அதன் இயல்பமைப்பு. ஆகவே லாக் பெருக, செக்பாயின்ட் அடிக்கடி வர, அதனால் லாக் மேலும் பெருக, அது தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருந்தது.

இரண்டாம் கட்டச் சரிவின் காரணம் வாடகை வட்டின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. அந்த வகை வட்டில் ஒரு ஜிபிக்கு நொடிக்கு 3 வீதம் படிப்பு-எழுத்துச் செயல்கள் நிலையான உரிமை. 200 ஜிபி வட்டுக்கு 600. அதற்கு மேல் 3,000 வரை போகலாம், ஆனால் சேமிப்பு இருக்கும்வரைதான். அந்தச் சேமிப்பு 54 லட்சம். 3,000 வேகத்தில் ஓடினால் நொடிக்கு 2,400 வீதம் சேமிப்பு கரையும். 37 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மாடியில் தொட்டி நிறைந்திருக்கும்வரை குழாயில் பீறிட்டு வரும் தண்ணீர், தொட்டி காலியானதும் மோட்டார் ஏற்றும் அளவுக்குத்தான் வரும் என்பது வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அரை மணி நேரம் ஓடவிட்டு வேகத்தை அளந்தவன், தொட்டித் தண்ணீரை அளந்துவிட்டு அதை ஊற்று என்று நம்பியவன். எல்லா வாடகை வட்டுகளும் இந்த வகை அல்ல. ஆனாலும் எந்த வட்டில் ஏற்றப்போகிறோம், அதற்கு இப்படி ஒரு சேமிப்புக் கணக்கு உண்டா என்று கேட்காமல் இப்போது நான் வேலையை ஒப்புக்கொள்வதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். எட்டுக் கோடியே சொச்சம் பதிவுகள் ஏறியிருந்த அட்டவணையை அழித்தேன். கை நடுங்கியது என்பது உண்மைதான், ஆனால் ஊர்ந்துகொண்டிருந்ததைக் காத்திருந்து முடிப்பதைவிட முதலிலிருந்து சரியாகச் செய்வது விரைவில் முடியும் என்று கணக்கு சொன்னது.

புதிய முறையில் ஸ்கிரிப்ட் இரு தரவுத்தளங்களுக்கும் நடுவில் நின்று பேசவில்லை. பழைய சர்வரிலேயே மாதத்துக்கு ஒன்றாக 72 சிஎஸ்வி கோப்புகளை (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்புகளை) எழுதவைத்தேன். ஒவ்வொன்றிலும் சராசரி 35 லட்சம் பதிவுகள். நிமிடத்துக்கு நிமிடம் ஒரே போலிருக்கும் எண்கள் என்பதால் நன்றாகச் சுருங்கின. 50 ஜிபி 9 ஜிபியாயிற்று. எங்கள் இணைப்பின் ஏற்று வேகம் நொடிக்கு 40 மெகாபிட். அரை மணி நேரத்தில் எல்லாம் மும்பை போய்ச் சேர்ந்தன. சுருக்காமல் அனுப்பியிருந்தால் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். ஒருவேளை தரவு 50 ஜிபி அல்லாமல் சில டிபி இருந்திருந்தால், அதே இணைப்பில் 1 டிபிக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், ஒரு வெளிவட்டில் எழுதி நாகர்கோவில் ஜங்ஷனில் யாரையாவது ரயிலேற்றி அனுப்புவதைப் பற்றி உண்மையாகவே யோசித்திருப்பேன்.

சேருமிடத்தில் அட்டவணையை இண்டெக்ஸ் எதுவும் இல்லாமல், வேறு அட்டவணைகளோடு பொருந்துகிறதா என்ற சரிபார்ப்புகளும் இல்லாமல் வெறுமையாக உருவாக்கினேன். இன்சர்ட்டுக்குப் பதிலாக, ஒரு கோப்பை மொத்தமாக ஏற்றும் காப்பி கட்டளை. இன்சர்ட்டில் ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரித்துப் படித்துத் திட்டமிடும் வேலை இருக்கிறது. காப்பியில் அது ஒரே ஒரு முறைதான். செக்பாயின்ட்டுக்கான லாக் அளவை 1 ஜிபியிலிருந்து 16 ஜிபிக்கும், அதன் கால இடைவெளியை 5 நிமிடத்திலிருந்து 30 நிமிடத்துக்கும் உயர்த்தினேன். வட்டில் எழுதியதை உறுதி செய்துகொள்ளும் எஃப்சிங்க்கை அணைத்துவிடும்படி நண்பர் ஒருவர் சொன்னார்; வேகம் கூடும் என்பது மெய்தான். ஆனால் நடுவில் சர்வர் விழுந்தால் அந்த ஓர் அட்டவணை மட்டுமல்ல, அந்தத் தரவுத்தளத் தொகுதி முழுவதுமே நம்ப முடியாததாகிவிடும். இடி இடிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் அதைத் தொடவில்லை. நான்கு கோப்புகளை ஒரே நேரத்தில் ஏற்றினேன். ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். 72 மாதங்களும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிட்டன. எட்டு நாள் படாத பாடு பட்ட வேலை.

அந்த ஒரு மணி நேரமும் தடையின்றிப் போனது என்று சொல்ல மாட்டேன். காப்பி கட்டளை ஒரு பதிவு தவறாக இருந்தாலும் முழுக் கோப்பையும் தள்ளிவிடும். 34 லட்சமாவது வரியில் பிழை என்றால் அதுவரை ஏற்றிய 34 லட்சமும் வீண். அவை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு, வேக்கும் என்ற துப்புரவுக் கட்டளையை ஓட்டும்வரை அப்படியே கிடக்கும். எங்களுடையதில் தடுக்கியது தேதி. மைஎஸ்கியூஎல், தளர்வான அமைப்பில், ஆண்டு, மாதம், நாள் எல்லாம் சுழியமாக இருக்கும் ஒரு தேதியை மறுப்பின்றி வாங்கி வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரஸ் அப்படியொரு நாள் நாட்காட்டியில் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். 2024இல் வந்த போஸ்ட்கிரஸ் 17இல், வடிவம் பொருந்தாத பதிவுகளைத் தவிர்த்துவிட்டு மேலே போகும்படி காப்பியிடம் சொல்லலாம். நான் பயன்படுத்தியது அதற்கு முந்தைய பதிப்பு. ஏற்றுவதற்கு முன்பே கோப்புகளை ஒரு முறை சல்லடையில் போட்டு, தேறாதவற்றைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவைத்தேன். மாதத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்ததன் அருமை அப்போதுதான் புரிந்தது. தவறினால் வீணாவது மூன்று நிமிடம்தான்.

ஒரு சிறிய அட்டவணை ஒரு முழு நாளைத் தின்றதையும் சொல்ல வேண்டும். தொழில்நுட்பப் பணியாளர்கள் தமிழில் எழுதிய பராமரிப்புக் குறிப்புகள். மொத்தம் இரண்டு லட்சம்கூட இல்லை. 'காற்றாலை' என்ற சொல்லில் யூனிகோட் கணக்கில் எட்டுக் குறியீடுகள். யூனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 24. பழைய அட்டவணையில் அந்த நெடுவரிசை, ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 என்று அறிவிக்கப்பட்டிருந்தது; ஆனால் உள்ளே கிடந்தது யுடிஎஃப்-8. இடையில் இருந்த, தரவுத்தளத்தோடு பேசும் மென்பொருளான டிரைவர் நல்லெண்ணத்தோடு அதை மறுபடியும் யுடிஎஃப்-8 ஆக்கியதில், 24 பைட் 48க்கு மேல் போய், சொல் வாசிக்க முடியாத குப்பையாயிற்று. குறியாக்க மாற்றம் எதுவும் வேண்டாம், பைட்டை பைட்டாகவே கொடு என்று டிரைவரிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் மாலையாகிவிட்டது.

எல்லாம் ஏறிய பிறகு இண்டெக்ஸ்கள். மொத்தத் தரவும் கையில் இருக்கும்போது தரவுத்தளம் முதலில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, பிறகு இண்டெக்ஸை இடமிருந்து வலமாக ஒரே மூச்சில் அடுக்கிவிடும். தாறுமாறாக ஓடும் வேலையே இல்லை. அந்த வரிசைப்படுத்தலுக்கான நினைவகம் இயல்பாக 64 எம்பிதான். 2 ஜிபியாக உயர்த்தினேன். நேரத்தின் இண்டெக்ஸ் அரை மணியில் முடிந்தது. யுயுஐடியின் யுனிக் இண்டெக்ஸ் நாற்பது நிமிடம் ஓடிவிட்டு, இரட்டைப் பதிவு இருக்கிறது என்று சொல்லி நின்றது. தேடிப் பார்த்ததில் 4,316 இரட்டைகள். இணைப்பு அறுந்து மீண்டபோது கருவிகள் ஒரே பதிவை இரண்டு முறை அனுப்பியிருக்கின்றன. பழைய அட்டவணையில் அதைத் தடுக்கும் காவல் இல்லை. நீக்கிவிட்டு மறுபடி நாற்பது நிமிடம். ஏற்றுவதற்கு முன்பே இதைச் சரிபார்த்திருக்கலாம் என்பது இப்போது எழுதும்போது எளிதாகத் தெரிகிறது.

எண்ணிக்கை சரிபார்த்தேன், காத்தாடி வாரியாக, மாத வாரியாக மின்னுற்பத்தியின் கூட்டுத்தொகையையும் இரு பக்கமும் ஒப்பிட்டேன். இடைப்பட்ட நாள்களில் பழைய சர்வரில் புதிதாகச் சேர்ந்தவற்றைக் கடைசி ஐடியைப் பிடித்துக்கொண்டு அள்ளி வந்ததில் சில நிமிடங்கள்; கடைசியாக மாற்றிய இரவில் மிச்சமிருந்தது ஆறு மணி நேரத் தரவு, 28,800 பதிவுகள். அது போனதே தெரியவில்லை. புதிய பதிவுகளுக்கு எண் கொடுக்கும் சீக்வென்ஸை மிகப் பெரிய ஐடிக்கு அடுத்ததாக நகர்த்திவைத்தேன். இதை மறந்துவிட்டு, மறுநாள் முதல் பதிவிலேயே மோதி நின்ற அனுபவம் வேறொரு வேலையில் எனக்கு உண்டு.

காலையில் அண்ணாச்சி மாத அறிக்கையைத் திறந்தார். பழைய சர்வரில் இருபது நொடியில் வந்த அறிக்கை நான்கு நிமிடம் எடுத்தது. "இதுக்கா மக்கா இவ்வளவு பாடு?" என்றார். அனலைஸ் கட்டளையை ஓட்ட மறந்திருந்தேன். பதிவுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்ற புள்ளிவிவரம் சேகரிக்கப்படாதவரை, போஸ்ட்கிரஸ் இண்டெக்ஸ் இருந்தும் அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்று குத்துமதிப்பாகவே முடிவெடுக்கும். தானியங்கி ஏற்பாடு ஒன்று அதைப் பிற்பாடு செய்துவிடும் என்றாலும், ஏற்றி முடித்த மறுகணம் அறிக்கையைத் திறக்கிறவருக்கு அது உதவாது. ஓட்டினேன். அறிக்கை இரண்டு நொடியில் வந்தது. அவர் இன்னொரு முறை திறந்து பார்த்தார், பிறகு வேறொரு மாதத்தைத் திறந்து பார்த்தார், பிறகு டீ சொன்னார்.

அடுத்ததாக எச்சரிக்கைப் பதிவுகளின் அட்டவணை இருக்கிறது. அது நிமிடக் கணக்கில் வருவதல்ல, நொடிக் கணக்கில், இதைவிடப் பெரியது. வைகாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். முதலில் பத்துக் கோடி ஓடட்டும் அண்ணாச்சி, அதற்குப் பிறகு சொல்கிறேன் என்றேன்.